மானியத்துக்கு அனுப்பிய படம்

மானிய வலைத்தளத்தில் குழந்தைகளின் படத்தை ஏற்றும்போது ‘இடத்தை மறைக்க’ என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறதல்லவா? அதைத் தொடும் முன் ஏன் இயக்குநரின் ஒப்புதல் வாங்க வேண்டும், வேலை அநியாயத்துக்குத் தாமதமாகிறதே என்று புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். ஓய்வுபெற்றவனிடம் வந்து அலுத்துக்கொள்வது நல்ல பழக்கம். எனக்கும் பொழுது போகிறது. அந்தக் கட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எதையும் தேதி போட்டு எழுதுகிறவன். கொடைக்கானலில் முதல் உறைபனி எந்த ஆண்டு எப்போது விழுந்தது, மலைச்சாலையில் எந்த மழைக்கு மண் சரிந்தது என்பதெல்லாம் என் குறிப்புகளில் இருக்கின்றன. இந்தக் கதைக்கு மட்டும் தேதி போடவில்லை. ஊரும் சரியான ஊர் இல்லை. தேதியையும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்துவிடலாம். மாசிக் கடைசி, பூம்பாறைப் பக்கம் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

நம் மையம் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் ஒரு சிறு பிரிவு. குழந்தைகள் தொடர்பான சட்டத்தைக் கற்பிப்பது, காவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுப்பது ஆகியவை கீழே, சமவெளியில் நடக்கும். கொடைக்கானல் கிளையின் வேலை, மலைக் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சட்ட உதவி. அரசு மானியம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணைக்குச் சான்று காட்டினால்தான் இரண்டாவது. எங்கள் கிளை அந்த இரண்டாவது தவணையில்தான் உயிர் வாழ்ந்தது. நான் அங்கே நிர்வாக அலுவலர். கள வேலையெல்லாம் ஜெசிந்தா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். மேல்மலையில் அவர் ஏறாத பஸ் கிடையாது.

மானியங்களின் பழைய கோப்புகளை ஆர்வத்தோடு படித்திருக்கிறேன். சான்று என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் பெரிய மனிதர் ஒருவரின் கையெழுத்து போதுமானதாக இருந்தது. பிறகு பயனாளியின் கைநாட்டு கேட்டார்கள். பிறகு படம். நான் சொல்லும் ஆண்டில் படத்தோடு இடமும் வேண்டும் என்றார்கள். உதவி பெற்ற ஒவ்வொரு குழந்தையையும், அது இருக்கும் இடத்திலேயே, அவர்கள் கொடுத்த செயலியில் படம் எடுக்க வேண்டும். போன் தானாகவே இடத்தைக் குறித்துக்கொள்ளும். வலைத்தளத்தில் ஒரு வரைபடம். குழந்தைக்கு ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் படம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மக்கள் பணம், மக்கள் பார்க்கட்டும் என்பது அவர்கள் வாதம். தவறான வாதம் என்று சொல்ல முடியாது.

குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று நாங்கள் கேட்டோம். முகம் தெரியாமல் எடுத்தால் போதும் என்று பதில் வந்தது. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. எல்லாக் குழந்தைகளையும் முதுகுப்பக்கமாக எடுத்தோம். ஏற்றுவதற்கு முன் எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்த்தபோது ஜெசிந்தா சொன்னார்: “பிள்ளைங்க எல்லாம் நம்ம மேல கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கிற மாதிரியே இருக்கு சார்.”

அந்தப் படங்களில் ஒன்று, பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுடையது. வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமம். தாய் இல்லை. தகப்பன் தன் தங்கை மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க நாள் குறித்துவிட்டார். முறை மாப்பிள்ளை, அவருக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ தகவல் சொல்ல, கல்யாணம் நின்றது. குழந்தைகள் நலக் குழு அவளை மேல்மலையில் இருந்த சித்தியிடம் ஒப்படைத்தது. இறந்த தாயின் தங்கை அவர். விரும்பியவரோடு கல்யாணம் செய்துகொண்டு போனதால் உறவு அறுந்து, மகள் அவரிடம் இருக்கிறாள் என்று தெரிந்தாலும், அது எந்த ஊர் என்பது தகப்பனுக்குத் தெரியாது. பரீட்சை முடியும்வரை இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று குழுவின் உத்தரவு. தகவல் சொன்னது யார் என்பதையும் நாங்கள் சொல்லவில்லை, சொல்லக் கூடாது.

படங்களை ஏற்றி அனுப்பிய பிறகு, ஒரு வியாழக்கிழமை மதியம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. மறுநாள் மானிய ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. நான்தான் எடுத்தேன்.

“வணக்கம் சார். கொழந்தைங்க சட்ட ஆபீசுங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“எம்மக பூண்டுக் காட்டுல நிக்குறா. கத்திரிப்பூக் கலரு சட்டை. மெலிஞ்ச மாதிரித் தெரியுது. சோறு ஒழுங்காப் போடுறாங்களா?”

“எந்தப் பொண்ணைச் சொல்றீங்க?”

“எம்மகளத்தாங்க. மொகத்த மறைச்சுட்டீங்க, நல்லது. பின்னால இருந்து பாத்தாப் பெத்தவனுக்குத் தெரியாதா? எடது தோள எறக்கித்தான் நிப்பா, நடக்கப் பழகுன நாள்லருந்தே. படத்தத் தொட்டா ஊரையே காட்டிக் கெடக்கு. எந்தங்கச்சி மகன் இ-சேவை மையத்துலதான் சோலி பாக்குறான், அவன் எடுத்துக் காட்டுனான். ஜீப்புப் பேசியாச்சு. நாங்களே போய்க் கூட்டிட்டு வந்துர்றோம். உங்களுக்குச் செரமம் வேணாம்.”

குரலில் கோபமே இல்லை. பஸ் நேரம் விசாரிப்பவர் போலப் பேசி, வைத்துவிட்டார்.

இதை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். முகத்தை மறைத்தது அந்நியர்களிடமிருந்து. அந்நியர்களால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து எதுவும் இல்லை. நம்மிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் மறைந்திருக்க வேண்டியது, அவர்கள் நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கக்கூடிய ஆட்களிடமிருந்து. விதி எழுதியவர்களுக்கும் இது தோன்றவில்லை, சட்டம் படித்த எங்களுக்கும் தோன்றவில்லை.

இயக்குநர் அன்று கிளைக்கு வந்திருந்தார், ஆய்வுக்காக. நான் சொன்னதைக் கேட்டார். மேசையில் இருந்த தேநீரை ஓரமாக நகர்த்தி வைத்தார். காவல் நிலையத்துக்குச் சொன்னார். பெண் காவலர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள், வந்து சேர நேரமாகும். நலக் குழுத் தலைவரிடம் பேசி, பெண்ணைத் திண்டுக்கல் குழந்தைகள் இல்லத்துக்கு மாற்ற வாய்மொழி அனுமதி வாங்கினார். ஜெசிந்தா அழ ஆரம்பித்திருந்தார்.

“நாந்தான் மேடம் நிக்கவச்சு எடுத்தேன்.”

“எடுக்கச் சொன்னது நான். அழறத அப்புறம் ரெண்டு பேரும் சேந்து அழுவோம். இப்ப ஜீப்புக்குச் சொல்லுங்க.”

அடுத்தது படம். ஒரு படத்தை மட்டும் எடுக்க வலைத்தளத்தில் வழி இல்லை. அனுப்பிய தொகுப்பு முழுவதையும் திரும்பப் பெறலாம். பெற்றால் முதல் தவணைக்குச் சான்றே இல்லாமல் போகும். கெடு அன்றோடு முடிகிறது. கீழே பல்கலைக்கழக நிதிப் பிரிவைக் கூப்பிட்டோம். அங்கிருந்தவர் பதறினார்.

“மேடம், ஒரு பொண்ணுக்காக மொத்தத்தையும் எடுக்காதீங்க. நாளைக்கு டீம் வந்து போகட்டும், சாயங்காலம் எடுத்துக்கலாம். இல்லேன்னா ஆபீஸ் வாசல்லயே யாரையாச்சும் திருப்பி நிக்கவச்சு எடுத்து ஏத்துங்க. எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்.”

“யாரை நிக்கவைக்க? நம்ம அட்மின் சாரையா?” என்று இயக்குநர் என்னைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

“விளையாடாதீங்க மேடம். சம்பளத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

“தெரியல. ஆனா மத்த பிள்ளைங்களுக்கும் அப்பாமாருங்க இருக்காங்கல்ல.” போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எல்லாத்தையும் எடுத்துருங்க சார்.”

எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. திரும்பப் பெறுவதற்கான ரகசிய எண் இயக்குநரின் போனுக்கு வரும். மூடுபனி நாளில் எங்கள் அலுவலகத்துக்குள் சிக்னல் வராது. வெளிக்கதவை ஒட்டிய டீக்கடையில்தான் வரும். அவர் அங்கே போய் எண்ணைப் பார்த்து, மேடேறி வந்து சொல்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் அங்கிருந்தே கத்தினார். எனக்குக் காதில் விழவில்லை. டீக்கடைக்காரர் பாலாற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

“சார்! மேடம் ஏழுங்குறாங்க! அடுத்து நாலு! மறுபடி நாலு!”

ரகசியம் காக்க நாங்கள் எடுத்த மிக முக்கியமான நடவடிக்கை, தெருவுக்கே கேட்கும்படி அவர் இலக்கம் சொல்ல, நான் தட்ட, இப்படித்தான் நடந்தேறியது. வரைபடத்திலிருந்து எங்கள் புள்ளிகள் எல்லாம் மறைந்தன. பார்த்தவர்கள் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜீப்பில் மூவரும் கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் வீட்டு முற்றத்தில் கோணி விரித்து உட்கார்ந்து, காய்ந்த பூண்டின் வேரையும் தாளையும் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால் சித்தி அவளுடைய துணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்திருந்தார்.

“வெரசாக் கெளம்பும்மா” என்றார் ஜெசிந்தா. “திண்டுக்கல் ஹோம்ல எடம் சொல்லியாச்சு. பரிச்சைக்கு அங்கருந்தே கூட்டிட்டு வந்துருவோம்.”

“எதுக்குக்கா?”

ஜெசிந்தா நடந்ததைச் சொன்னார். படம், புள்ளி, தகப்பனின் போன், ஜீப். அவள் கேட்டுக்கொண்டே நறுக்கினாள்.

“போட்டோ எடுக்கறப்ப எங்கிட்டக் கேட்டீங்களாக்கா?”

“திரும்பி நில்லும்மான்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க. கேக்கல.” இன்னொரு பூண்டை எடுத்தாள். “இப்பவும் வெரசாக் கெளம்புன்னு சொல்றீங்க.”

தன்னைப் பற்றிய எந்த முடிவிலும் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது நம் பயிற்சி வகுப்புகளின் முதல் பாடம். எங்கள் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். எத்தனையோ காவல் நிலையங்களில் போய் அதை விளக்கியிருந்தோம்.

இயக்குநர் பையைத் தாண்டி வந்து, கோணியின் ஓரத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சரி. இப்பக் கேக்குறேன். என்ன செய்யலாம்?”

“தெரியல.”

“யோசி.”

ஓட்டுநர் வந்து, “மேடம், அவங்க பெருமாள்மலை தாண்டியிருந்தா...” என்று இழுத்தார். இயக்குநர் கையை மட்டும் உயர்த்தினார். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“யோசிக்கிறதுக்கு இதாடி நேரம்?”

“அவங்க கேட்டாங்கல்ல சித்தி, யோசிக்க வேணாமா?”

நெருக்கடியில் நல்ல முடிவெடுத்த அதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன், அவர்களைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன். எல்லாரும் எதையாவது வேகமாகச் செய்தவர்கள். நேரம் கரைந்துகொண்டிருக்கும்போது, ஒரு பதினைந்து வயதுப் பெண் யோசித்து முடிப்பதற்காக ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: “அப்பாகிட்டப் பேசணும்.”

“ஐயோ, பேசக் கூடாதும்மா, உத்தரவு இருக்கு” என்றார் ஜெசிந்தா.

இயக்குநர் எழுந்து, முற்றத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால், வீட்டுக்கு மேலிருந்த பாத்திக்கு ஏறிப் போய், குழுத் தலைவரிடம் மறுபடி பேசினார். பெண்ணே விரும்பினால் பேசலாம், நீங்கள் கூடவே இருங்கள், ஒலிபெருக்கியில் போடுங்கள் என்று அனுமதி கிடைத்தது. எல்லாரும் மேல் பாத்திக்குப் போனோம்.

“அப்பா, நாந்தான்.”

மறுமுனையில் வண்டிச் சத்தம். “ஏலே, வண்டிய நிறுத்து, நிறுத்து!” சத்தம் அடங்கியது. “ஆத்தா, நல்லாருக்கியா? பயப்படாத. பெருமாள்மலை வந்துட்டோம். உன்னைய அடைச்சு வச்சிருக்காளே உஞ்சித்திகாரி, அவள நான் பேசிக்கிறேன். அவதான போனப் போட்டு நம்மள மாட்டிவிட்டா.”

“சித்தி போடலப்பா. நாந்தான் போட்டேன்.”



“யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லல. பள்ளிக்கூடச் செவுத்துல நம்பரு எழுதியிருக்கு. ஒங்க போன்லருந்துதான் போட்டேன். நீங்க வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தீங்க.”

இன்னொரு ஆண் குரல் குறுக்கிட்டது. “நம்பாதீங்க மாமா. எழுதிக்குடுத்துப் பேசச் சொல்றாங்க.”

“நீ சும்மாயிருலே.”

“எனக்கு மச்சான் வேணாம்ப்பா. இப்பவும் வேணாம், பரிச்ச முடிஞ்சாலும் வேணாம். இத ஒங்ககிட்டத்தான் சொல்லிருக்கணும். ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு நம்பருக்குச் சொன்னேன்.”

தொடர்பு அறுந்தது. அவர் வைத்தாரா, மூடுபனியா என்று தெரியவில்லை.

தகவல் சொன்னவர் யார் என்பதைக் காப்பாற்றுவது சட்டம். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் அதைக் காப்பாற்றிய விதத்தில், அந்த மனிதர் தன் மகளைச் சித்தி அடைத்து வைத்திருப்பதாகவும், தான் அவளை மீட்கப் போவதாகவும் நம்பிக்கொண்டிருந்தார். அவள் என்ன விரும்புகிறாள் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளே விரும்பினால் சொல்வதற்கு ஒரு வழி வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

காத்திருந்தோம். பெண் காவலர் ஸ்கூட்டரில் நனைந்துபோய் வந்து சேர்ந்தார். அவள் கீழே போய்ப் பூண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் காவலருக்கு ஒரு அழைப்பு வந்தது.

“அவங்க ஜீப்பு கீழ எறங்கிருச்சாம் மேடம். பெருமாள்மலையில மாமனும் மருமகனும் நடு ரோட்டுல சண்டையாம். பெரியவரு வண்டியத் திருப்பச் சொல்லிட்டாராம்.”

அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் நறுக்குவதை நிறுத்தினாள். சித்தி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார். வாசலில் இருந்த பையை உள்ளே எடுத்துப் போனதும் அவர்தான்.

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. தலைவராக வந்தவர் நல்ல மனிதர். “மேப்புல உங்க மையமே காணோமே?” என்று கேட்டார்.

“நாங்களேதான் எடுத்தோம் சார்” என்று இயக்குநர் நடந்ததைச் சொன்னார், பெயரும் ஊரும் இல்லாமல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா நான் எழுதிக்குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையே.”

இரண்டாவது தவணை வரவில்லை. வாடகை ஜீப்பை நிறுத்தினோம். சம்பளம் பல்கலைக்கழகத்தின் தயவில் துண்டு துண்டாக வந்தது. ஒரு சமையல்காரரும் ஒரு தட்டச்சரும் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இயக்குநர் எழுதிய கடிதங்களுக்கு நீண்ட காலம் பதில் இல்லை. பிறகு ஒருநாள், யாரும் அறிவிக்காமல், வலைத்தளத்தில் அந்தக் கட்டம் வந்து நின்றது. இயக்குநர் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது நம் மையம் தனக்குத்தானே சேர்த்துக்கொண்ட விதி. குழந்தையிடம் கேட்டாயிற்றா என்று உறுதி செய்யாமல் அவர் ஒப்புதல் தருவதில்லை. தாமதம் அதனால்தான். அந்தத் தாமதத்தைக் குறைக்க வழி தேடாதீர்கள்.

பரீட்சை முடிந்த பிறகு நலக் குழு அந்தப் பெண்ணை விசாரித்தது. சித்தி வீட்டிலேயே இருந்து மேலே படிக்கிறேன் என்றாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம், மச்சான் வரக் கூடாது என்றாள். குழு அப்படியே உத்தரவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை உடனிருக்க வேண்டியது ஜெசிந்தாவின் வேலை. அவர் சொன்னதை எழுதுகிறேன். தகப்பன் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். சித்தி பையை வாங்கினார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் முற்றத்திலேயே கோணியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த இன்னொரு கத்தியை எடுத்து மகளோடு பூண்டு நறுக்கினார். தாளை ஒட்ட நறுக்காதீங்கப்பா, கொஞ்சம் விட்டு நறுக்குங்க என்று அவள் ஒருமுறை சொன்னாள். கல்யாணத்தைப் பற்றியோ அந்த வியாழக்கிழமையைப் பற்றியோ இருவரும் பேசவில்லை. பஸ் ஹாரன் அடித்ததும் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“அடுத்த வாரம் வரட்டுமா ஆத்தா?”

“சனிக்கெழமை போன் போடுங்க. சொல்றேன்.”

அவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சனிக்கிழமை வெள்ளனே சித்தியின் போன் அடித்ததாம். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று சித்தி சொல்லியிருக்கிறார். “எழுப்ப வேணாம், தூங்கட்டும்” என்றாராம் தகப்பன். “போன வைக்காத தாயி. நான் இப்படியே இருக்கேன்.”